தென்காசி மலையில் ஏறும் மேகத்தை டைம்லாப்ஸ் எடுக்கிறேன்: கான்ட்ராஸ்ட் இல்லை, வெளிச்சம் துடிக்கிறது

கேள்வி: புவியியல் ஆசிரியை, தென்காசி

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தென்மேற்கே குற்றால மலை முழுவதும் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் கேரளப் பக்கமிருந்து ஏறி வரும் மேகம், முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது கரைந்துபோகிறது. மழைமறைவுப் பகுதி பற்றிப் பாடநூலில் ஒரு குறுக்குவெட்டுப் படம் உண்டு. அம்புக்குறி மலையில் ஏறும், பிறகு இறங்கும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் அழகாக வரைகிறார்கள். சன்னலுக்கு வெளியே தினமும் நடப்பது அதுதான் என்பது மட்டும் அவர்களுக்கு உறைப்பதில்லை. ஒரு நிமிட டைம்லாப்ஸ் (நீண்ட நேரத்தைச் சுருக்கி வேகமாக ஓட்டும் படம்) அதைச் செய்யும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இவ்வளவு பாடுபடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு அங்குல சென்சார் கொண்ட 4கே வீடியோ கேமரா. நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது. பதிவு 8 பிட். வினாடிக்கு ஒரு பிரேம் என்ற அளவு வரை குறைத்துப் பதிவு செய்யலாம். பள்ளி விட்டதும் மாலை நான்கரை மணியிலிருந்து ஆறு மணி வரை எடுக்கிறேன். எல்லாம் ஆட்டோவில்தான் இருக்கிறது.

கண்ணுக்குக் கரும்பச்சையாகத் தெரியும் மலை, பதிவில் மேகத்தோடு சேர்ந்து ஒரே சாம்பலாக இருக்கிறது. மேகத்தின் மேல்விளிம்பு முழு வெள்ளையாகப் போய்விடுகிறது, அதற்குள் எந்த விவரமும் இல்லை. வேகமாக ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கிறது. பெரிய மேகம் ஒன்று சட்டகத்துக்குள் வந்ததும் மலை இருண்டு, அது போனதும் மலை வெளுக்கிறது. வகுப்பறைப் புரொஜெக்டரில் போட்டால் நிலைமை இன்னும் மோசம்.

மெனுவில் கான்ட்ராஸ்ட் என்று தனியாக ஏதும் இல்லை. பிக்சர் புரொஃபைல் என்று பத்து வகை இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது, வேறு எவற்றை மாற்றுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: காட்சித் தொடர்பியல் மாணவன், கோவை

டீச்சர், வணக்கம். லாக் புரொஃபைலில், அதாவது வெளிச்ச வித்தியாசங்களைச் சுருக்கிப் பதிவு செய்யும் வகையில் எடுத்துவிடுங்கள். மேகத்தின் வெண்மை, மலையின் கருமை இரண்டுமே அழியாமல் பதிவாகும். பதிவு வெளுத்துத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே கலர் கிரேடிங் (நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்துவது) செய்து கான்ட்ராஸ்ட்டை ஏற்றிக்கொள்ளலாம். துடிப்புக்குக் காரணம் ஆட்டோ எக்ஸ்போஷர். மேனுவலுக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பதில்: கல்யாண வீடியோகிராபர், ராஜபாளையம்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். கல்யாணம் எடுப்பதுதான் என் தொழில். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, சாரலும் அப்போதுதான். அதனால் அந்த மாதம் முழுவதும் கேமராவை மலையை நோக்கித் திருப்பி வைத்துக்கொள்வேன். உங்களுக்கு இருக்கும் அதே மலைத்தொடர், அதே மேற்குத் திசை எனக்கும். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மெனுவைத் தொடும் முன் நேரத்தை மாற்றுங்கள். மாலையில் மலையும் மேற்கே, சூரியனும் மேற்கே. காற்றில் மிதக்கும் தூசும் நுண்ணிய நீர்த்துளிகளும் தம்மீது படும் ஒளியில் பெரும்பகுதியை முன்பக்கமாகவே சிதறடிக்கும். முன்பக்கம் என்றால் உங்கள் லென்ஸ் இருக்கும் பக்கம். ஆக, மாடிக்கும் மலைக்கும் இடையே உள்ள அத்தனை காற்றும் ஒளிர்கிறது. அந்த ஒளி மலையின் கருமை மேல் ஏறி உட்காருகிறது. அதைக் கழற்றி எடுக்கும் புரொஃபைல் எந்தக் கேமராவிலும் கிடையாது. காலை ஏழு மணிக்கு மேல் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தூசு அதே தூசுதான், ஆனால் பின்பக்கமாகத் திரும்பி வரும் ஒளி மிகக் குறைவு. மலை கரும்பச்சையாகவும் மேகம் நல்ல வெள்ளையாகவும் தாமாகவே பிரிந்து நிற்கும். இரவு மழை பெய்து தூசு அடங்கி, காலையில் வெளிவாங்கியிருந்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். நீங்கள் தேடும் கான்ட்ராஸ்டில் முக்கால் பங்கு அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்து லென்ஸின் முன்பக்கம். மலிவான யூவி ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றுங்கள். டிஜிட்டல் சென்சாருக்கு அதனால் பெரிய நன்மை இல்லை. அதில் படியும் கைரேகையும் ஈரமும் படம் முழுவதையும் வெளுக்கச் செய்யும். ஹூட் கட்டாயம். சாரலில் ஒரு பொட்டு விழுந்தாலும் டைம்லாப்ஸ் முழுவதும் அது அதே இடத்தில் நிற்கும். காற்றடிக்கும் பக்கம் ஒரு குடையைக் கட்டிவிட்டு, ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு அருகிலேயே இருங்கள். இரவு ஏசி அறையில் கேமராவை வைக்காதீர்கள். காலையில் வெளியே எடுத்ததும் கண்ணாடியில் நீர் பூத்துவிடும்.

இப்போது அமைப்புகள். எல்லாவற்றையும் மேனுவலுக்குக் கொண்டுவந்து பூட்டிவிடுங்கள். கெயின் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு) 0 டெசிபல். அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்4 முதல் எஃப்5.6 வரை. வெயில் ஏறியதும் எஃப்11க்கு மூடிவிடத் தோன்றும்; ஒரு அங்குல சென்சாரில் அது ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) கோடுகளை மழுக்கும். சிறிய கோடுகளின் கூர்மை போனால் கான்ட்ராஸ்ட்டும் போன மாதிரிதான். சிறிய அப்பெர்ச்சரில் லென்ஸ் மேல் உள்ள தூசும் துளியும் வேறு தெளிவாகத் தெரியும். ஆகவே வெளிச்சத்தை என்டி ஃபில்டரால் குறையுங்கள். ஒயிட் பேலன்ஸ் 5600 கெல்வினில் நிலையாக இருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் மேகம் அதிகமாகும்போதெல்லாம் நிறம் நகரும். அதுவும் துடிப்பாகத்தான் தெரியும். ஃபோகஸை முகட்டின் மரவரிசையில் பெரிதாக்கிப் பார்த்து வைத்து, மேனுவலில் விடுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் கேமராவுக்கு ஸ்டெடிஷாட் தேவையில்லை, அணைத்துவிடுங்கள். இல்லாத அசைவைத் திருத்தப் போய்ப் படத்தை நகர்த்திவிடும்.

எக்ஸ்போஷரைத் திரையின் வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளிச்சம் எல்லையைத் தொடும் இடத்தில் திரையில் வரிகள் காட்டும் ஸீப்ராவை 100இல் வையுங்கள். மேகத்தின் மிக வெளிச்சமான விளிம்பில் வரிகள் தோன்றும் வரை திறந்து, பிறகு வரிகள் மறையும் வரை குறைத்து, அதற்கும் கீழே அரை ஸ்டாப் இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வெயில் ஏறும் அல்லவா, அதற்கான இடம் அது. மலை கொஞ்சம் இருட்டாகத் தெரியும். இருக்கட்டும். இருட்டைப் பிறகு தூக்கலாம், வெளுத்துப்போன மேகத்தை மீட்க முடியாது.

ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் வெளிச்சம் நிறையவே கூடும், ஒரே எக்ஸ்போஷர் தாங்காது. இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஸீப்ராவைப் பார்த்துத் திருத்தி, புதிய துண்டாக எடுங்கள். துண்டுக்குள் எதையும் தொடக்கூடாது. நடுவே சூரியன் மேகத்தில் மறைந்து மலை இருண்டால் அது உண்மையாக நடந்த இருட்டு; பார்ப்பவர்களுக்கு உறுத்தாது. கேமரா தன்னிச்சையாக ஏற்றி இறக்குவதுதான் கண்ணைக் குத்தும்.

கோவைத் தம்பி சொன்ன மேனுவல் சரி. லாக் பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. லாக் வகைகளில் ஒன்றான எஸ்-லாக்3 வளைவில், விழும் ஒளியில் 90 சதவீதத்தைத் திருப்பும் வெள்ளைப் பொருள் பதிவு அளவில் 61 சதவீதத்திலேயே நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள இடம் வெயில் அடிக்கும் சன்னல், உலோகப் பளபளப்பு போன்றவற்றுக்காக ஒதுக்கப்பட்டது. அம்மா எடுக்கும் காட்சியில் அப்படி எதுவும் இல்லை. மூட்டம் படிந்த மலைக்காட்சியில் ஆழ்ந்த கருமையும் இல்லை, கண் கூசும் ஒளியும் இல்லை; ஏற்கெனவே குறுகிய காட்சி அது. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். குறுகிய காட்சியை லாக்கில் மேலும் சுருக்கி, பிறகு எடிட்டிங்கில் இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 10 பிட் கேமராவில் 1024 படிகள் உண்டு, அங்கே நானும் லாக் எடுப்பேன். உங்கள் கேமராவில் சினி வகைக் காமா (வெளிச்சத்தைப் பதிவு அளவாக மாற்றும் வளைவு) உள்ள புரொஃபைல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மேகத்தின் வெண்மையை அது மெல்ல வளைத்துச் சேர்க்கும். பிளாக் லெவலை ஓரிரு புள்ளி குறைக்கலாம். டீடெயில் என்ற விளிம்புக் கூர்மை அமைப்பைக் குறைத்து வையுங்கள். கூட்டினால் முகட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும்.

இடைவெளிக்கு வருகிறேன். உங்களிடம் இருக்கும் வினாடிக்கு ஒரு பிரேம், 25 பிரேம் வேகத்தில் ஓட்டும்போது 25 மடங்கு வேகம். ஒரு நிமிடப் படத்துக்கு 1500 பிரேம், அதாவது 25 நிமிடப் பதிவு. முகட்டில் தொப்பியாக உட்கார்ந்திருக்கும் மேகத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அசையாமல் நிற்பது போலத் தெரியும். உண்மையில் காற்று அதற்குள் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. மேகம் அந்தப் பக்கம் பிறக்கிறது, இந்தப் பக்கம் அழிகிறது. உங்கள் பாடமே அந்த விளிம்பில்தான் இருக்கிறது. ஒரு மேகத் துணுக்கு சில பத்து வினாடிகளில் கரைந்துவிடும். பத்து வினாடிக்கு ஒரு பிரேம் எடுத்தால் அது ஒரு பிரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. கரைவது தெரியாமல் வெறுமனே மினுக்கும். ஒரு வினாடி இடைவெளியில் கரைவதை முழுதாகப் பார்க்கலாம். வேகம் போதாவிட்டால் எடிட்டிங்கில் ஒன்றுவிட்டு ஒரு பிரேமை நீக்கிக்கொள்ளுங்கள். அடர்த்தியாக எடுத்துவிட்டுக் குறைப்பது எளிது. எடுக்காத பிரேமைப் பிறகு உண்டாக்க வழியில்லை.

வானத்தில் உலாவும் தனி மேகங்களுக்கு வேறு கணக்கு. ஒரு மேகம் சட்டகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரத்தை மணி பார்த்துக் குறியுங்கள். பத்து நிமிடம், அதாவது 600 வினாடி என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அது பத்து வினாடியில் கடக்க வேண்டுமானால் 250 பிரேம் தேவை. 600ஐ 250ஆல் வகுத்தால் 2.4. ஆக, இரண்டு வினாடிக்கு ஒன்று எடுத்தால் பொருந்தும்.

கடைசியாக ஸ்டாண்ட். நம் பக்கத்து ஆடிக்காற்று ஆளையே தள்ளும். கால்களை நீட்டாமல் தாழ்வாக வைத்து, கைப்பிடிச் சுவரின் மறைவில் நிறுத்துங்கள். நடுவில் ஒரு செங்கல் பையைத் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுங்கள். கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், அது படபடத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர்த் தொட்டி மோட்டாரை அந்த நேரத்தில் யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: வானிலைப் படங்கள் எடுப்பவர், பெங்களூரு

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்) வாங்கச் சொல்லி யாராவது ஆலோசனை தரக்கூடும். சூரியனுக்கு 90 பாகையில் உள்ள வானத்தில்தான் அது முழுமையாக வேலை செய்யும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது கிட்டத்தட்டப் பயனே இல்லை. உச்சிவேளையில் அடிவானம் முழுவதும் 90 பாகைக்கு அருகே வருவதால் அப்போது உதவும், ஆனால் நீர்த்துளி மூட்டத்தை அதனால் வெட்ட முடியாது. மேலும் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால் நீண்ட பதிவில் வானத்தின் நீலம் மாறிக்கொண்டே போகும். டைம்லாப்ஸுக்கு நான் பயன்படுத்துவதில்லை.

மலையின் மடிப்புகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்ற பாடத்துக்கு, கருப்பு வெள்ளையாக மாற்றி, எடிட்டிங்கில் சிவப்பு சேனலை மட்டும் எடுத்துப் பாருங்கள். நீல ஒளியைவிடச் சிவப்பு ஒளி காற்று மூலக்கூறுகளால் குறைவாகவே சிதறுவதால் தொலைமலை தெளிவாக வரும். மழை மூட்டத்தில் இந்த வித்தை பலிக்காது, நல்ல வறண்ட நாளில் பலிக்கும்.

இதையும் சொல்லத் தோன்றுகிறது. ஜப்பானில் மசனாவோ அபே என்ற இயற்பியலாளர் 1920களின் பிற்பகுதியில் ஃபூஜி மலையின் எதிரே, கோதெம்பாவில் ஆய்வகம் அமைத்து, அந்த மலையைச் சுற்றி மேகங்கள் உருவாவதைப் பல ஆண்டுகள் சினிமா கேமராவில் பதிவு செய்தார். மலையைத் தாண்டும் காற்று கண்ணுக்குத் தெரியாது, மேகத்தைப் படமெடுத்தால் அது தெரியும் என்பதுதான் அவருடைய வழி. நீங்கள் மாடியில் செய்வதும் அதே வேலைதான், டீச்சர்.

கேள்வியாளர்: புவியியல் ஆசிரியை, தென்காசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. காலையில் எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால் ஏழு மணி முதல் எட்டே கால் வரைதான் நேரம் கிடைத்தது. இரண்டு துண்டுகள். மலை மலையாக இருக்கிறது! தொப்பி மேகத்தின் கிழக்கு விளிம்பு கீற்றுக் கீற்றாக இறங்கிக் கரைவது அப்படியே வந்திருக்கிறது. துடிப்பு அறவே இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். படத்துக்கு ஆழம் வரட்டும் என்று அருகில் ஒரு தென்னையைச் சட்டகத்தில் வைத்தேன். அதன் ஓலைகள் வெட்டி வெட்டித் துள்ளுகின்றன, கண் அங்கேயே போகிறது. அடுத்து, புரொஜெக்டரில் இப்போதும் கருமை சாம்பலாகத்தான் தெரிகிறது. கணினித் திரையில் நன்றாக இருக்கிறது.

பதில்: கல்யாண வீடியோகிராபர், ராஜபாளையம்

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, அம்மா.

ஓலை துள்ளுவதற்குக் காரணம் ஷட்டர். ஒரு வினாடிக்கு ஒரு பிரேம் எடுக்கும்போது ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு வினாடி மட்டும் திறந்தால், நடுவே நடந்த அசைவு எதுவும் பதிவாவதில்லை. இடைவெளியில் பாதி நேரம், அதாவது அரை வினாடி திறந்திருந்தால் ஓலை இழுபட்டு மென்மையாகத் தெரியும். உங்கள் கேமராவில் ஷட்டர் அவ்வளவு தாழ்ந்து போகாது என்றே நினைக்கிறேன். தொலைவில் உள்ள மேகத்துக்கு இது பொருட்டே இல்லை. அருகில் அசைபவற்றுக்குத்தான் தொல்லை. எடிட்டிங்கில் இரண்டு மூன்று பிரேம்களைக் கலந்து ஒன்றாக்கினால் ஓரளவு சரியாகும். அதைவிட, அசையாத ஒன்றை முன்னால் வையுங்கள். உங்கள் ஊரில் காசிவிசுவநாதர் கோபுரத்தைவிடச் சிறந்த முன்னணி கிடைக்குமா? மாடியை மாற்ற முடிந்தால் கோபுரம் ஓரத்தில், மலை நடுவில் வரும்படி பாருங்கள். கோபுரத்தின் நிழல்பகுதிகள் படத்துக்கு ஓர் உண்மையான கருமையைத் தரும். கிரேடிங்கில் அந்த நிழல் 5 சதவீதத்துக்கு அருகே வரும்வரை லிஃப்ட்டை (கருமைப் பகுதியின் அளவை மாற்றும் கட்டுப்பாடு) இறக்கினால், மூட்டம் எவ்வளவு நீங்கியது என்பதற்கு ஓர் அளவுகோலும் கிடைக்கும்.

புரொஜெக்டர் பற்றி. புரொஜெக்டரால் கருமையை உண்டாக்க முடியாது. அது ஒளி வீசாத இடம்தான் கருமை. அந்த இடத்தில் சன்னல் வெளிச்சம் விழுந்தால் திரையின் வெண்மைதான் தெரியும். திரையை ஒட்டிய சன்னலை மட்டுமாவது மறையுங்கள், அறை முழுவதும் இருட்ட வேண்டாம். பிறகு மடிக்கணினியில் எச்டிஎம்ஐ வரம்பைச் சரிபாருங்கள். கணினி 16 முதல் 235 வரை அனுப்பி, புரொஜெக்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால், கருமை எப்போதும் 16இல் சாம்பலாக நிற்கும், வெண்மையும் மங்கும். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பாக இருக்க வேண்டும். அதன் பிறகும் போதவில்லை என்றால் வகுப்பறைக்கென்று தனியாக ஒரு பிரதி எடுங்கள்: அதில் கருமையை இறக்குவதைவிட மிட்டோனை, அதாவது நடுத்தர வெளிச்சப் பகுதியைக் கொஞ்சம் ஏற்றி, மேகத்துக்கும் மலைக்கும் இடையிலான வித்தியாசத்தை நடுப்பகுதியில் கூட்டுங்கள். வெளிச்ச அறையில் எடுபடுவது அந்த நடுப்பகுதி மட்டும்தான்.

கேள்வியாளர்: புவியியல் ஆசிரியை, தென்காசி

எச்டிஎம்ஐ வரம்புதான் காரணம், ஐயா. இரண்டையும் முழு வரம்புக்கு மாற்றியதும் உடனே வித்தியாசம் தெரிந்தது. திரைக்குப் பக்கத்துச் சன்னலுக்கு ஒரு பழைய கம்பளியும் கட்டிவிட்டோம்.

பதினோராம் வகுப்பில் இன்று போட்டுக் காட்டினேன். மேகம் கரையும் விளிம்பு ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பதை ஒரு மாணவி கண்டுபிடித்துச் சொன்னாள். அங்கேயே நிறுத்தி, மழையாக நீரை இழந்த காற்று ஏறும்போது மேகமான உயரத்தைவிட மேலேயே இறங்கும்போது மேகத்தை இழந்துவிடும் என்று விளக்கினேன். இப்போது அவர்களே வரும் ஞாயிறன்று செங்கோட்டைப் பக்கம் போய், ஆரியங்காவுக் கணவாயை எடுக்க வேண்டும் என்கிறார்கள். முகடு தாழ்ந்த அந்த இடத்தில் மேகம் எந்த உயரத்தில் கரைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். கணவாயை நேர் எதிரே வைத்து எடுப்பதா, பக்கவாட்டில் நின்று எடுப்பதா, எது விளிம்பை நன்றாகக் காட்டும்?

பதில்: கல்யாண வீடியோகிராபர், ராஜபாளையம்

பக்கவாட்டில், அம்மா. நேர் எதிரே நின்றால் மேகம் உங்களை நோக்கி வரும், அது வளர்கிறதா கரைகிறதா என்று தெரியாது. பக்கத்தில் நின்றால் ஏற்றமும் இறக்கமும் உங்கள் பாடநூல் குறுக்குவெட்டைப் போலவே தெரியும். ஸீப்ராவைப் பார்க்கும் வேலையை அந்த மாணவியிடம் கொடுங்கள்.